கணவரைக் கைவிடாத திருவாங்கூர் ராணி

சக்குபள்ளம், குமுளி, வண்டன்மேடு ஏலமலைகள் 1949 வரை திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அந்த அரச குடும்பத்தில் மருமக்கள் தாய முறை. மகாராஜாவுக்குப் பின் பட்டம் அவருடைய மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். ராணிப் பட்டமும் சகோதரி வழிப் பெண்களுக்குத்தான். மகாராஜாவின் மனைவி வெறும் அம்மச்சி. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் மனைவிகூட நாகர்கோவில் அம்மவீட்டைச் சேர்ந்த கல்யாணிக்குட்டி அம்மச்சிதான்.

ராணியின் கணவர் பாடு இன்னும் கஷ்டம். அவருக்குக் கோயில் தம்புரான் என்று பெயர். ஆனால் மனைவிக்கு அவர் ஒரு பிரஜை. ராணி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்! நம் பக்கம் மருமகள் புகுந்த வீட்டில் அடங்கி நடப்பதுபோல, அங்கே ஆண் அடங்கி நடந்தான்.

இந்தக் குடும்பத்துக்கு 1857-ல் மாவேலிக்கரையிலிருந்து தத்து வந்தவர் லட்சுமி பாய். பிறந்தது 1848-ல். 1859-ல் அவருக்கும் கேரள வர்மாவுக்கும் கலியாணம் நடந்தது. பெண்ணுக்கு 11 வயது, மாப்பிள்ளைக்கு 14. பின்னாளில் சாகுந்தலத்தை மலையாளத்தில் தந்து, கேரள காளிதாசன் என்று பெயர் வாங்கியவர் இந்த மாப்பிள்ளைதான்.

1875-ல் இடி விழுந்தது. தமக்கு எதிராகச் சதி செய்தார் என்று ஆயில்யம் திருநாள் கேரள வர்மாவைப் பிடித்து ஆலப்புழை அரண்மனையில் அடைத்தார். ஆயிரம் சுலோகம் எழுதி மன்னிப்புக் கேட்டும் விடுதலை கிடைக்கவில்லை. பிறகு ஹரிப்பாட்டில் காவல்.

அந்தக் கணவரை விலக்கிவிட்டு வேறு ஒருவரை மணக்கும்படி ராணியை வற்புறுத்தினார்கள். வம்சம் தழைக்க ராணி வயிற்றில் பிள்ளை பிறக்க வேண்டுமே! முறைப்படி அதில் தவறும் இல்லை. கணவரை விலக்கும் அதிகாரம் ராணிக்கு உண்டு. ஆனால் அதே கணவரைச் சிறையிலிருந்து மீட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது மகாராஜாவிடம், அதாவது குடும்பத்து ஆண் தலைவரிடம் இருந்தது. பெண் வழிக் குடும்பத்தில் பெண்ணின் அதிகாரம் எதுவரை என்பது இதில் தெரிந்து போயிற்று.

லட்சுமி பாய் சம்மதிக்கவில்லை. 27 வயதிலிருந்து 32 வரை தனியாகவே இருந்தார்.

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த விசாகம் திருநாள் கேரள வர்மாவை விடுவித்தார். மறு ஆண்டே விக்டோரியா மகாராணி லட்சுமி பாய்க்கு இந்தியக் கிரீட விருது வழங்கினார். ஹரிப்பாடு முருகன் கோயில் மயிலை மனைவிக்குத் தூது விடுவதாக வைத்து, 1894-ல் கேரள வர்மா ‘மயூர சந்தேசம்’ பாடினார்.

குழந்தை மட்டும் பிறக்கவில்லை. 1900-ல் மாவேலிக்கரையிலிருந்தே இரண்டு சிறுமிகளைத் தத்து எடுத்தார்கள். அவர்களில் இளையவரான சேது பார்வதி பாயின் மகன்தான், 1936-ல் கோயில் கதவை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட சித்திரைத் திருநாள். அதைப் பார்க்க லட்சுமி பாய் இல்லை. தத்து எடுத்த மறு வருஷமே, 1901-ல் காலமாகிவிட்டார். கேரள வர்மா 1914 வரை இருந்தார்.