புத்தகம் கிடைக்காத மதுரையும் பாண்டித்துரைத் தேவரும்

கோச்சடையிலிருந்து வைகையின் தென்கரையோடு கிழக்கே வந்தால் சிம்மக்கல். அங்கே தமிழ்ச்சங்கச் சாலை என்ற பெயரைச் சொல்லித்தான் நம்மில் பலர் ஆட்டோ பிடிக்கிறோம். அந்தச் சங்கத்தைக் கட்டியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் என்பதை மறந்துவிட்டோம்.

1867 மார்ச் 21 அன்று சேதுபதி மரபில் பிறந்தவர். புலவர்களைப் போற்றிய தந்தை பொன்னுசாமித் தேவரைச் சிறுவயதிலேயே இழந்தார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி இவருக்கு உறவில் தம்பி.

1901இல் சொற்பொழிவாற்ற மதுரை வந்தவர், பார்த்துக்கொள்ளத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். ஊரில் தேடியும் உடனே கிடைக்கவில்லை. சங்கம் வளர்த்த ஊருக்கே இந்த நிலை! அக்காலத்தில் கவிதை அரண்மனை வாசலில்தான் வாழ்ந்தது. புலவர் பாடுவார், ஜமீன்தார் பரிசளிப்பார், அத்தோடு முடிந்தது. வள்ளல் கண்ணை மூடினால் புலவர் வேறு வாசல் தேட வேண்டியதுதான். தேவரும் அப்படிப்பட்ட வள்ளல்தான். ஆனால் கொடுப்பவர் போனாலும் நிற்கக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் நினைத்தார். இதையே அவருடைய பெரிய கொடையாக நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டு மே மாதம் மதுரையில் கூடிய சென்னை மாகாண அரசியல் மாநாட்டில் தம் திட்டத்தை எடுத்துவைத்தார். செப்டம்பர் 14 அன்று சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் நான்காம் தமிழ்ச்சங்கம் தொடங்கியது. பாஸ்கர சேதுபதி துணை நின்றார். செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், பண்டிதத் தேர்வுகள் என்று வேலைகள் விரிந்தன. 1902 டிசம்பரில் 'செந்தமிழ்' இதழ் வந்தது. இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர்.

அந்த இதழின் நடை பண்டிதர்களுக்கானது. சாமானியர் படித்துப் புரிந்துகொள்வது கடினம். இதைக் குறை என்றே சொல்லலாம். ஆனால் தேர்வில் தேறியவர்கள் ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். செய்யுள் அவர்கள் வழியாக ஊர்ப் பிள்ளைகளிடம் சேர்ந்தது.

சங்கப் புலவர்களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் முக்கியமானவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். நான்காம் தமிழ்ச்சங்க நக்கீரர் என்றே அழைக்கப்பட்டார். நக்கீரர் என்ற பெயர் முகத்தாட்சண்யத்துக்காகக் கிடைப்பதல்ல, புலமைக்குக் கிடைப்பது. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை சீதக்காதியும் இதே சேது நாட்டவர்தான். தமிழ் என்று வந்தால் அந்த மண்ணில் வேற்றுமை பார்க்கவில்லை.

வெளியிட ஆளின்றித் தவித்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் அச்சேறியதும் தேவரின் உதவியால்தான். தமிழ் இலக்கியப் பெயர்களுக்கு இன்றும் நாம் புரட்டும் கலைக்களஞ்சியம் அது. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அவரே தலைவராக இருந்தார்.

பாஸ்கர சேதுபதி 1903இலேயே மறைந்தார். 1911 டிசம்பர் 2 அன்று தேவரும் காலமானார். வயது 44. இரண்டு வள்ளல்களும் போன பின்னும் இதழ் நிற்கவில்லை. அவர் தொடங்கிய கலாசாலை இன்று செந்தமிழ்க் கல்லூரியாக அதே தமிழ்ச்சங்கச் சாலையில் நடக்கிறது.