கருவூலத்தைத் திறந்து வைத்த குரு



விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்த மறைநூல் அறிஞரை இயேசு ஒரு வீட்டுத் தலைவருக்கு ஒப்பிட்டார். அவ்வீட்டுத் தலைவர் தம் கருவூலத்தைத் திறந்து, புதியவற்றையும் பழையவற்றையும் வெளியே எடுத்துக் கொடுப்பவர். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், விதைப்பவர், புதையல், வலை ஆகிய உவமைகளின் இறுதியில் வரும் இச்சிறு உவமையை நாம் பெரும்பாலும் கவனியாமலே கடந்து விடுகின்றோம். பொருளைப் பூட்டி வைத்துக் காப்பவரை இங்கே இயேசு பேசவில்லை. எடுத்துக் கொடுப்பவரையே முன்னிறுத்துகின்றார். இந்த உவமைக்கு விளக்கமாக வாழ்ந்த குரு ஒருவர் நம் தீவக மண்ணிலே பிறந்தார். அவரே சேவியர் தனிநாயகம் அடிகளார்.

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் அடிகளார் பிறந்தார். அந்த மண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். யானைகளைக் கப்பலேற்றிய துறை என்பதால் போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழியில் துறை என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அச்சொல்லே ‘கயிற்ஸ்’ என்று இன்றுவரை ஆங்கிலத்தில் வழங்குகின்றது. பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்த தீவு லைடன் ஆயிற்று. நாம் உண்ணும் பாணும், அமரும் கதிரையும், அணியும் சப்பாத்தும், நிலம் தோண்டும் அலவாங்கும் போர்த்துக்கேயம் தந்த சொற்கள். நம் முதியோர் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். பல மொழிகள் கரையேறிய ஒரு துறையிலேதான், பின்னாளில் மொழிகளிடையே பாலமாக நின்ற இக்குழந்தை தவழ்ந்தது.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பாடசாலையிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், கொழும்புக் குருமடத்திலும் கற்ற பின்னர், 1934இல் அவர் உரோமை நகர் சென்றார். 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புனித சிப்ரியன் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து இறையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம், ஸ்பானியம் என ஐரோப்பிய மொழிகள் பல அவருக்குக் கைவந்தன. உரோமையில் இருந்தபோதே, தமிழ் மாணவர்களைச் சேர்த்து ‘வீரமாமுனிவர் கழகம்’ என்னும் சங்கத்தை அமைத்தார்.

ஆனால் ஒரு குறை அவரை வாட்டியது. மேலைநாட்டு இலக்கியங்களை அவற்றின் மூல மொழியிலே படித்துச் சுவைத்த அவருக்கு, தாய்மொழியின் பழம்பெரும் இலக்கியங்கள் எட்டாதிருந்தன. அக்காலத்து ஆங்கிலவழிக் கல்வி நம் இளைஞர் பலரை வைத்திருந்த நிலை அதுவே. 1940இல் தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசாள் பள்ளிக்கு ஆசிரியப் பணியேற்று வந்தபோது, அவர் ஒரு முடிவு செய்தார். உரோமையில் கலாநிதிப் பட்டம் பெற்ற அக்குரு, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடங்கேட்டார். கற்பிப்பவர் எந்தச் சமயத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. ஐயரும் அவ்வாறே பார்க்கவில்லை. பின்னர் 1945இல், தமது 32ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகத் தமிழ் கற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து முதுநிலைப் பட்டம் பெற்றார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று அறியப்பட்டவர், முன்னோரின் பெயராகிய ‘தனிநாயகம்’ என்பதையும் தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

கற்றதை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தோன்ற வழிசெய்தார். அடுத்த ஆண்டுகளில் கீழ்த்திசை நாடுகளிலும் அமெரிக்காவிலும் சுற்றிச் சொற்பொழிவாற்றினார். இந்தியாவின் பழைமை என்றால் வடமொழி ஒன்றே என்று எண்ணியிருந்த அறிஞர் பலரை அப்பயணங்களில் அவர் கண்டார். அவர்கள் மீது சினங்கொள்வதால் பயன் என்ன? அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் நாம் எதை எழுதிக் கொடுத்தோம்? இக்கேள்விக்கு விடையாக 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழர் எழுதினர், ஐரோப்பியரும் எழுதினர். சொல்லாராய்ச்சி, இலக்கியம், வரலாறு, அச்சுக்கலை என்று பற்பல துறையினர் தத்தம் கண்டுபிடிப்புகளை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பந்தியாக அவ்விதழ் அமைந்தது.

அடிகளாரின் வாழ்வில் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிறப்பாக அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. 1950களில் அவர் லிஸ்பன், வத்திக்கான், பாரிஸ் ஆகிய நகரங்களின் நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடினார். லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு அச்சான செபநூல் ஒன்றுண்டு. நம் செபங்கள் அதில் உரோமன் எழுத்தில் தமிழாகவும், அவற்றின் பொருள் போர்த்துக்கேயத்திலும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டுள்ளன. இந்தியக் கிறிஸ்தவர் மூவர் அதனை உருவாக்க உழைத்தனர். இயேசு சபைக் குரு ஹென்றிக்கஸ் அடிகள் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ மற்றொன்று. இத்தகைய நூல்களை அடிகளார் தம் கட்டுரைகள் வழியே தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். நம் முன்னோர் சொல்லிச் செபித்த சொற்களே தமிழில் முதன்முதலாக அச்சேறிய சொற்கள் என்பதை நாம் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம்?

இவற்றுள் ஒரு நூலின் கதை நெஞ்சைத் தொடுவது. இயேசு சபைக் குரு அந்தம் தெ புரோவன்சா அடிகள், மக்கள் வாயில் வழங்கிய தமிழ்ச் சொற்களைச் சேர்த்து அவற்றுக்குப் போர்த்துக்கேயத்தில் பொருளெழுதி ஓர் அகராதி தொகுத்தார். ஏறத்தாழ 16,000 சொற்கள் அதில் உள்ளன. 1666இல் அவர் இறந்தார். தம் நூல் அச்சாவதை அவர் காணவில்லை. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சேறியது. அதன் ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அந்தப் படியை அடிகளார் வெளியே கொணர்ந்தார். 1966இல் கோலாலம்பூரில், ஒவ்வொரு பக்கமும் இருந்தவாறே படமெடுத்து மறுபதிப்பாக வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டுத் தமிழர் எப்படிப் பேசினர், எச்சொல்லை எப்பொருளில் ஆண்டனர் என்று அறிய விரும்பும் எவரும் இன்று உரோமைக்குச் செல்ல வேண்டியதில்லை.

சொற்கள் நமக்கு வந்து சேர்ந்தன போலவே நம்மிடமிருந்தும் சென்றன. கட்டுமரமும் கறியும் சுருட்டும் ஆங்கிலத்தில் புகுந்தவை. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் தமிழ்ப் பண்பாட்டின் சுவடுகளை அடிகளார் ஆராய்ந்தார். தாய்லாந்து அரண்மனைச் சடங்கொன்றின் பெயரில் திருவெம்பாவையின் எதிரொலி இருப்பதை அவரும் எடுத்துக்காட்டினார். கத்தோலிக்கக் குரு ஒருவர் சைவத் திருமுறையின் பயணத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். மெய் எங்கிருப்பினும் அது இறைவனிடமிருந்தே வருகின்றது என்று நம்புபவருக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத்துறைப் பேராசிரியரானார். அதே ஆண்டில்தான் பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர், தமிழும் அதன் உறவு மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் வேர்ச்சொற்களைத் தொகுத்துத் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். இத்தகையோர் பல நாடுகளில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தனர். 1964 ஜனவரி 7ஆம் நாள், புது டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டிற்கு வந்திருந்த தமிழாய்வாளர்களை, பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் போன்றோருடன் சேர்ந்து அடிகளார் ஒன்றுகூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். அடிகளார் தலைமைப் பதவியை நாடவில்லை. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலுடன் செயலாளராக நின்று உழைத்தார். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என மாநாடுகள் தொடர்ந்தன.

யாழ்ப்பாண மாநாடு துயரில் முடிந்ததை நீங்கள் அறிவீர்கள். 1974 ஜனவரி 10ஆம் நாள், இறுதி நிகழ்ச்சிக்குத் திரண்டிருந்த மக்களிடையே பொலிசார் புகுந்தபோது மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பறிபோயின. அறிவைப் பகிர்ந்துகொள்ளக் கூடிய கூட்டம் இரத்தம் சிந்தும் கூட்டமாயிற்று. எனினும் அடிகளார் தம் பணியைக் கைவிடவில்லை. 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்து ஒன்பது மாதங்களில், 1981 மே 31 நள்ளிரவை அடுத்து, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மொழிகள் பல கற்று, தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடிய தாவீது அடிகள், அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பது யாழ்ப்பாணம் மறவாத செய்தி. ஒரே இடத்தில் மட்டும் இருந்த ஏடுகள் அன்றோடு இல்லாமற் போயின. படியெடுத்துப் பலர் கையில் கொடுக்கப்பட்டவை மட்டுமே இன்றும் நம்மோடு உள்ளன. அடிகளார் ஏன் அந்தப் பழைய அகராதியைப் படமெடுத்து ஊரெங்கும் பரப்பினார் என்பது இப்போது விளங்குகின்றதல்லவா?

அன்பானவர்களே, 1990க்குப் பின்னர் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் இன்று பாரிசிலும் டொரன்டோவிலும் லண்டனிலும் வளர்கின்றனர். பேரப்பிள்ளை பிரெஞ்சில் கேட்க, அப்பம்மா தமிழில் விடை சொல்ல, நடுவே மௌனம் நிற்கும் வீடுகள் பல. பிறமொழி கற்பதால் தாய்மொழி அழிவதில்லை என்பதற்குப் பல மொழி கற்ற அடிகளாரே சான்று. தமிழைப் பிந்திக் கற்றாலும் ஆழக் கற்கலாம் என்பதற்கும் அவரே சான்று. ஆகவே அப்பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்த்திச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு கருவூலம் இருக்கலாம். பாட்டனார் கையால் எழுதிய கூத்துக் கொப்பி, தவக்காலத்தில் பாடிய வியாகுலப் பிரசங்கம், அட்டை கிழிந்த பழைய செபப்புத்தகம், கடலோடிகள் மட்டுமே அறிந்த காற்றின் பெயர்கள், மீனின் பெயர்கள்… கறையான் அரிக்கும் முன் அவற்றைப் படியெடுங்கள். பங்குத் தந்தையிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். 2005 முதல் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் காத்துவரும் ‘நூலகம்’ போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்து உதவுங்கள். முதியவர் சொல்லும் ஒரு சொல்லைப் பொருளோடு பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

பழையவற்றையும் புதியவற்றையும் எடுத்துக் கொடுக்கும் வீட்டுத் தலைவராக ஒவ்வொரு தாயையும் தந்தையையும் ஆண்டவர் அழைக்கின்றார். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும்.