கெடா தோட்டங்களில் இன்னும் ஓடும் பழைய டிராக்டர்... அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார்?

கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி. கெடாவின் இந்தப் பக்கம் காலையில் காரில் போனால், ஒரு வண்டிக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து போக வேண்டிய நிலை எப்படியும் ஒருமுறை வரும். சிவப்புச் சாயம் வெளுத்த டிராக்டர். பின்னால் டிரெய்லர். அதில் செம்பனைக் குலைகள்.

ஓட்டுபவரைவிட வண்டிக்கு வயது கூடுதலாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மாஸி ஃபெர்குசன் 135 எனும் ரகம் 1964இல் வந்தது. 1975இல் அதன் தயாரிப்பு நின்றது. ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் உலகின் பல மூலைகளில் இன்னும் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

வண்டியின் முகப்பில் இருக்கும் ஃபெர்குசன் என்ற பெயர் ஊரின் பெயரல்ல. அது ஒரு மனிதரின் பெயர். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரை வாங்கினாலும் அதன் பின்பக்கத்தில் அவருடைய யோசனை இருக்கும்.

யார் இந்த ஹாரி ஃபெர்குசன்?

வயல் வேலை பிடிக்காத விவசாயி மகன்

ஹாரி ஃபெர்குசன் 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அயர்லந்தின் டவுன் மாவட்டத்தில், ட்ரோமோர் எனும் ஊருக்கு அருகே பிறந்தார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். அவர் நான்காவது. அப்பாவுக்குச் சொந்த நிலம் இருந்தது. அவர் மிகவும் கண்டிப்பானவர்.

ஹாரிக்கு வயல் வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. குதிரைக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்து உழுவது அவருக்கு வீண் பாடாகத் தெரிந்தது. 1902இல் வீட்டைவிட்டுக் கிளம்பி பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போனார். அங்கே அண்ணன் சைக்கிளும் காரும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஹாரி அங்கே சேர்ந்து வேலை கற்றுக்கொண்டார்.

பிறகு விமானத்தின் மேல் ஆசை வந்தது. தாமே வடிவமைத்துக் கட்டிய விமானத்தை 1909 டிசம்பர் 31ஆம் தேதி ஹில்ஸ்பரோவில் பறக்கவிட்டார். பறந்த தூரம் கிட்டத்தட்ட 120 மீட்டர்தான். ஆனாலும் அயர்லந்தில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

1911இல் பெல்ஃபாஸ்டில் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் காருடன் டிராக்டரும் விற்றார்.

ஆளைக் கொன்ற டிராக்டர்

போர்க்காலத்தில் உணவுப் பற்றாக்குறை. அதிக நிலத்தை உழுதாக வேண்டும். அயர்லந்தில் ஓடிய டிராக்டர்களின் வேலையைக் கண்காணித்து மேம்படுத்தும் பொறுப்பு 1917இல் ஃபெர்குசனிடம் வந்தது. உதவியாளர் வில்லியம் சேண்ட்ஸோடு ஊர் ஊராகப் போய் வயல்களைப் பார்த்தார்.

பார்த்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டிராக்டர் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். இரண்டும் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டப்பட்டிருந்தன. அதாவது குதிரை இருந்த இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. கலப்பை மண்ணுக்குள் பெரிய கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் நின்றுவிடும். ஆனால் என்ஜின் நிற்காது. பின்சக்கரம் சுழல முடியாமல் போகும்போது டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பும். அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேல் விழும். அன்று பெருமளவில் விற்பனையான ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் இருந்தது. பலர் அப்படி உயிரிழந்தனர்.

டிராக்டரையும் கலப்பையையும் ஒரே இயந்திரமாக ஆக்கினால் என்ன? ஃபெர்குசன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்குக் கொடுத்தார்.

அவர் கண்டுபிடித்தது என்ன?

அதற்கு மும்முனை இணைப்பு என்று பெயர். எந்த டிராக்டரின் பின்னாலும் போய் நின்று பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. கருவி இந்த மூன்றிலும்தான் மாட்டப்படும்.

பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

- மண் கலப்பையைப் பின்னால் இழுக்கும்போது மேலே உள்ள கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சக்கரம் மேலே எழும்பாது.

- கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரங்களின் மேல் இறங்கும். எனவே சக்கரம் வழுக்காது. சின்ன டிராக்டரே பெரிய டிராக்டரின் வேலையைச் செய்யும்.

- மண் இறுகினால் மேல் கையில் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானாகவே சற்று உயர்த்தும். மண் இளகினால் மறுபடியும் இறக்கும்.

இந்தத் தானியங்கி ஆழக் கட்டுப்பாட்டுக்கு அவர் 1925இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

சோதனைக்காக 1933இல் ஒரு டிராக்டரைச் செய்து அதற்குக் கறுப்புச் சாயம் அடித்தார். 1936இல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் 1,350 வண்டிகள் அளவில்தான் தயாராயின. விலை அதிகம் என்று விவசாயிகள் தயங்கினர். கூட்டாளிகளுக்குள் கருத்து வேறுபாடும் வந்தது.

கைகுலுக்கலில் முடிந்த ஒப்பந்தம்

1938 அக்டோபரில் ஃபெர்குசன் தம் டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டின் நிலத்தில் அதை ஓட்டிக் காட்டினார்.

ஃபோர்டும் விவசாயி மகன்தான். பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது. ஃபோர்ட் தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார் என்று இருவரும் பேசிக் கைகுலுக்கினார்கள். அதோடு சரி. எழுத்தில் ஒன்றும் இல்லை.

1939இல் ஃபோர்ட் 9என் டிராக்டர் வந்தது. அதுவும் அதன் அடுத்த ரகமும் சேர்ந்து ஏறத்தாழ 300,000 விற்றன.

ஆனால் நிலைமை மாறியது. 1945இல் ஹென்றி ஃபோர்டின் பேரன் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஃபெர்குசனுடனான உறவை முறித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார். பிறகு ஃபோர்ட் அதே அமைப்புடன் புதிய டிராக்டரை இறக்கித் தானே விற்கத் தொடங்கியது. ஃபெர்குசனின் அமெரிக்க நிறுவனத்திடம் கருவிகள் இருந்தன, டிராக்டர் இல்லை.

1948 ஜனவரியில் அவர் வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 251 மில்லியன் டாலர். நான்கு ஆண்டுகள் இழுத்து, 1952 ஏப்ரலில் 9.25 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டதோடு ஒப்பிட்டால் அது ரொம்பக் குறைவு. ஆனாலும் ஒரு மாபெரும் நிறுவனத்தைத் தனிமனிதர் ஒருவர் காப்புரிமைக்குப் பணம் கொடுக்க வைத்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி.

சாம்பல் நிறக் குட்டி டிராக்டர்

வழக்கு ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் அவர் பெரிய வெற்றியைப் பார்த்தார். 1946இல் கவன்ட்ரி நகரில் டிஇ20 டிராக்டர் தயாராகத் தொடங்கியது. எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். சாம்பல் நிறம். 1956 வரை 517,000க்கும் மேல் தயாராயின.

அதோடு ஒரு ஸ்பேனரும் கொடுத்தார்கள். டிராக்டரிலும் கருவிகளிலும் செய்யவேண்டிய அன்றாடச் சரிசெய்தல்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே ஸ்பேனரால் செய்துவிடலாம். அதில் அளவுக்கோடுகளும் இருந்தன. விவசாயி மெக்கானிக்கைத் தேடி அலையக் கூடாது என்பது ஃபெர்குசனின் எண்ணம்.

எவரெஸ்ட் சிகரத்தைத் தொட்ட எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இந்த ரக டிராக்டரில்தான்.

1953இல் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் ஃபெர்குசன் தம் நிறுவனத்தை இணைத்தார். விலை 16 மில்லியன் டாலரா, 17 மில்லியன் டாலரா என்று இழுபறி. கடைசியில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். தோற்றது ஃபெர்குசன். ஒரு மில்லியன் டாலர் அதிலேயே போனது. அடுத்த ஆண்டு அவர் அந்த நிறுவனத்தைவிட்டும் விலகினார். 1958இல் அதன் பெயர் மாஸி ஃபெர்குசன் ஆனது.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அனந்தராமகிருஷ்ணன் தலைமையிலான அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி ஃபெர்குசனுடன் சேர்ந்து அதை நிறுவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாஸி என்ற சொல் வீட்டுப் பெயர்போல் ஆனது அப்படித்தான்.

கெடாவில் கதை இரண்டு வழிகளில் போகிறது.

முதலாவது, வயல். மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் முழுமை பெற்றபோது, ஆண்டுக்கு ஒருபோகம் விளைந்த நிலம் இருபோகமானது. ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே இருந்த காலம் சுருங்கியது. எருமையைக் கட்டி உழுதால் கட்டுப்படியாகாது. டிராக்டர் வயலுக்குள் இறங்கியது. மும்முனை இணைப்பில் மாட்டிய சுழல் கலப்பை சேற்றைக் கலக்கியது.

இரண்டாவது, தோட்டம். பால்மரக் காடுகளாக இருந்த தோட்டங்கள் பல, பின்னர் செம்பனைக்கு மாறின. பால் வாளியைத் தோளில் சுமக்கலாம். செம்பனைக் குலை அப்படியல்ல. ஒரு குலையே 20 கிலோவைத் தொடும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்புவது நல்லது. தாமதமானால் எண்ணெயின் தரம் குறையும். அதனால் மாட்டு வண்டி போன பாதையில் டிராக்டரும் டிரெய்லரும் வந்தன.

இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடுகிறது?

காரணம் எளிது.

- மின்னணுக் கருவி எதுவும் இல்லை. மழையில் நனைந்தாலும் சேற்றில் புதைந்தாலும் கெட்டுப்போகக் கணினி கிடையாது.

- 135 ரகத்தில் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின். ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம்.

- உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. இதே வம்சத்து டிராக்டர்களை இந்தியாவும் பாகிஸ்தானும் தொடர்ந்து தயாரித்து வந்ததே அதற்குக் காரணம்.

- கருவியை மாற்ற வேண்டியதில்லை. மும்முனை இணைப்பு இன்று உலகத் தர அளவு. பழைய டிராக்டரில் புதிய கருவியையும், புதிய டிராக்டரில் பழைய கருவியையும் மாட்டலாம்.

கடன் கட்டி முடித்த வண்டி என்பது இன்னொரு காரணம். பாமாயில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு மாதத் தவணை கிடையாது.

தீராத ஆபத்து

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

டிராக்டர் பின்னால் கவிழாமல் இருக்கத்தான் ஃபெர்குசன் அத்தனை பாடுபட்டார். ஆனால் அவருடைய அமைப்பு, கருவியை மூன்று முனைகளிலும் சரியாக மாட்டினால் மட்டுமே காப்பாற்றும். சேற்றில் புதைந்த லாரியையோ வெட்டிப்போட்ட மரத்தையோ சங்கிலி போட்டு இழுக்கும்போது, அந்தச் சங்கிலியை மேலே உள்ள முனையில் கட்டினால் 1917இல் இருந்த அதே ஆபத்து திரும்பவும் வந்துவிடும். டிராக்டர் பின்னால் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

பக்கவாட்டில் கவிழ்வதையும் அந்த அமைப்பு தடுக்காது. கூலிம், பாலிங் பக்கம் மேட்டு நிலம் அதிகம். மழை பெய்த செம்மண் சரிவில் பாரத்தோடு திரும்பினால் போதும்.

பழைய டிராக்டர்கள் பெரும்பாலும் பாதுகாப்புச் சட்டம் இல்லாமல் வந்தவை. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம் அது. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை:

- இழுக்கும் சங்கிலியை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

- அந்த ரகத்துக்கென்றே செய்து சோதிக்கப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தைப் பொருத்தலாம். அதைப் பொருத்தினால் இருக்கைவாரும் அவசியம். சட்டம் இல்லாத வண்டியில் வார் மட்டும் போடக் கூடாது.

- சுழலும் தண்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைலி, துண்டு, தொளதொள சட்டை அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

- மட்கார்டில் ஆளை உட்கார வைத்துக் கொண்டுபோகும் பழைய பழக்கத்தை நிறுத்த வேண்டும். அங்கிருந்து விழுந்தால் நேரே பின்சக்கரத்தின் அடியில்தான்.

கடைசிக் காலம்

டிராக்டர் தொழிலைவிட்டு விலகிய பிறகும் ஃபெர்குசன் சும்மா இருக்கவில்லை. கார் சாலையில் வழுக்காமல் இருக்க நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் அமைப்பில் இறங்கினார். அதை நிரூபிக்க ஒரு பந்தயக் கார் உருவானது. 1961இல் ஸ்டர்லிங் மாஸ் அதில் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணப் பந்தயத்தை வென்றார்.

அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை. 1960 அக்டோபர் 25ஆம் தேதி இங்கிலாந்தில் தம் வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75. சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வயல் வேலை பிடிக்காமல் வீட்டைவிட்டுப் போனவர் அவர். அவருடைய பெயர் இன்று கெடாவில் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. அடுத்தமுறை அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹார்ன் அடிக்காதீர்கள். கொஞ்சம் இடம்விட்டுப் போங்கள். அதை ஓட்டுபவருக்குத் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.