நீதிபதி தாமோதரம்பிள்ளை அவர்கள்

நீதிபதியாயிருந்து இளைப்பாறிய ஒருவரை உலகத்தார் அவர் சொல்லிய தீர்ப்புக்களைக் கொண்டே பெரும்பாலும் நினைப்பர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நாம் நினைப்பதோ வேறொரு காரணம் பற்றியாகும். புதுக்கோட்டை நியாயஸ்தலத்திலே அவர் தீர்த்த வழக்குக்களை இன்று அறிவார் அரியர். ஏட்டுச்சுவடிகளாகிய சாட்சிகளை விசாரித்து அவர் செய்த தீர்ப்புக்களையோ, தமிழ் கற்பிக்கும் நாமெல்லாம் நாடோறும் அனுபவித்து வருகின்றோம்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே, வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் புதல்வராகத் தோன்றினார். தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்திலே கேட்டார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பெற்றார். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அச்செமினரியிலே கணிதம், தருக்கம், வானசாத்திரம் முதலியன முறையாகக் கற்பிக்கப்பட்டன. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இங்கே ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எதனையும் சான்று கேட்டே ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அவ்விடத்திலே உறுதிப்பட்டதென்றே கருதுகின்றோம். அப்பழக்கத்தைத் தமிழ்நூற் பதிப்புக்குப் பயன்படுத்தியதே அவரது பெருமை.

1852இலே கோப்பாயில் உபாத்தியாயராக அமர்ந்த அவர், 1854இலே நீதிநெறிவிளக்கத்தை உரையோடு வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. பின்பு பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலே தோன்றி நடத்திய முதல் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினவர் இருவரே. ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் வட்டுக்கோட்டை விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். அதன்மேல் அவர் அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று, 1871இலே பி. எல். பட்டமும் பெற்றார். 1882இலே அவ்வுத்தியோகத்தினின்றும் நீங்கிக் கும்பகோணத்திலே நியாயவாதியாயிருந்தார். 1887 முதல் 1890 வரையிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாய் விளங்கினார். 1895இலே இராவ்பகதூர் என்னும் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

இவை ஒரு மனிதனுக்கு நிறைவைத் தரப்போதுமானவையே. ஆயினும் இவையெல்லாம் அவருக்குப் பகற்பொழுதின் தொழில்களாகவே இருந்தன. பழைய நூல்கள் பல அக்காலத்தில் ஏட்டிலன்றி வேறெங்கும் இல்லை. ஏடுகளோ செல்லரித்தும், ஓரம் உதிர்ந்தும், தொட்டால் நொறுங்கியும் கிடந்தன. அவற்றைப் புதிதாய்ப் பெயர்த்தெழுதுவாரும் குறைந்துபோயினர். இன்னுஞ் சில ஆண்டு தாழ்ப்பின் ஒன்றும் மிஞ்சாதென்பதை அவர் தம் பதிப்புரைகளிலே மனம் வருந்தி எடுத்துரைத்தார்.

ஆகவே 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு, ஆறுமுகநாவலரவர்கள் பரிசோதிக்க, வெளியிட்டார். நாவலரவர்கள் 1879இலே சிவபதமடைந்தபின், அப்பாரம் பெரும்பாலும் பிள்ளையவர்கள்மேல் விழுந்தது. 1881இலே வீரசோழியம், 1883இலே இறையனாரகப்பொருளுந் தணிகைப்புராணமும், 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இலே கலித்தொகை, 1889இலே இலக்கண விளக்கமுஞ் சூளாமணியும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. நீதிபதிப் பதவியினின்றும் இளைப்பாறிய பின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தையுஞ் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியருரையோடு வெளியிட்டார்.

அவர் வேலைசெய்த முறை நீதிபதிக்குரிய முறையேயாம். ஒரு சாட்சியின் சொல்லை நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் தகாதாதல்போல, ஓரேட்டை நம்பிப் பாடத்தைத் துணிதலுந் தகாது. ஆதலாற் பல ஊர்களிலிருந்தும் பிரதிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எழுதினோர் செய்த பிழை இது, ஆசிரியர் கருதிய பாடம் இது என்று ஆராய்ந்தார். பிழை கண்டார் தெரிவிக்கும்படி புலவர்களை வேண்டினார்.

நீதிபதிக்கு வேண்டிய மற்றொரு குணம் நடுவுநிலைமை. இளமையிலே கிறித்தவராயிருந்து பின்பு சைவத்துக்கு மீண்ட அவர், சைவமகத்துவம் என்னும் நூலை எழுதினார். ஏழாலையிலே சைவ வித்தியாசாலை ஒன்றையுந் தாபித்தார். சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் அங்கே ஆசிரியராயிருந்தார். இத்துணைச் சமயப்பற்றுடைய ஒருவர் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணர் செய்த காவியம். தஞ்சமயத்து நூல்களை மாத்திரமே எடுத்து மற்றையவற்றைச் செல்லுக்கு விட்டிருந்தால் அவரைக் கேட்பார் ஒருவருமில்லை. அவர் அப்படிச் செய்திலர். சமயப்பற்றும் நடுவுநிலைமையும் ஒருவர் நெஞ்சிலே கூடி வாழுமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவர் தீர்ப்புக்களுள் மாற்றப்பட்டனவும் உண்டு. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியருரையே எனக்கொண்டு 1885இலே பதிப்பித்தார். அதன் பிற்பகுதியுரை பேராசிரியருடையதென்று பின்வந்த புலவர் ஆராய்ந்து நிறுவினர். இதனால் அவர் புகழ் குறைந்ததென்பாருக்கு நாம் உடன்படோம். நூல் அச்சிலே வந்தமையாலன்றோ அவ்வாராய்ச்சிக்கு இடமுண்டாயிற்று? கீழ்நியாயஸ்தலத்திலே வழக்கு எழாதாயின், மேல்நியாயஸ்தலம் எதனை விசாரிக்கும்?

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, தமது அறுபத்தெட்டாம் வயதிலே, சென்னைப் புரசைபாக்கத்திலே தேகவியோகமாயினார். அவரது பிரிவுக்கு இரங்கி இரு நாட்டுப் புலவர்களும் பாப்பாடினர், உ. வே. சாமிநாதையரும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் அவருட் சிலர்.

எண்பதாண்டு கழிந்து, 1981இலே, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது, அங்கிருந்த அரிய ஏட்டுச்சுவடிகளும் வெந்து சாம்பராயின. எரிந்தவற்றுள் அச்சேறாதவை அன்றோடு ஒழிந்தன. பிள்ளையவர்கள் அச்சேற்றியவற்றையோ எத்தீயும் இனி ஒழித்தல் அரிது. அவை உலகெங்கும் பரந்துவிட்டன. மாணாக்கருக்குக் கலித்தொகைச் செய்யுளொன்றைக் கற்பிக்கப் புகும் உபாத்தியாயர்கள், அது எவ்வாறு தங்கள் கைக்கு வந்ததென்பதையும் ஒரு வார்த்தை சொல்வார்களாக. தங்களூர் வீடுகளிலே பரண்மேற் சுவடி யாதேனும் கிடப்பதாகக் கேள்வியுறின், நாளை பார்ப்போமென்றிராது, அன்றைக்கே சென்று காண்பார்களாக.