கருப்பட்டிக்குக் கணக்கு போட்ட ஆடிட்டர்

லண்டனில் அக்கவுண்டன்சி, மும்பையில் ஆடிட்டர் தொழில், அப்புறம் அமெரிக்காவில் சைராக்யூஸ், கொலம்பியா என்று இரண்டு யுனிவர்சிட்டி. 1920-களிலேயே இப்படி ஒரு ரெஸ்யூமே வைத்திருந்த தமிழர், மிச்ச வாழ்நாளைக் கைக்குத்தல் அரிசிக்கும் பனைவெல்லத்துக்கும் கொடுத்தார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4, தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியாவில் படிக்கும்போது, ஆங்கிலேய அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வோடு 1929-இல் காந்தியைப் பார்க்கப் போனவர், கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு கதருக்கு மாறினார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் வரவு செலவை சர்வே எடுத்தார்.

1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடிதான் அதன் தலைமையிடம். மெஷின்னாலே ஆகாதவர்னு நினைச்சிடாதீங்க. நல்ல செக்கை டிசைன் பண்ண அங்கேயே ஆராய்ச்சி நடந்தது. மில்லில் அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு சத்து போகும், நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போகும். ஒரே அரிசியில் ரெண்டு நஷ்டம் என்பது அவர் கணக்கு. ஒரு கப் கோகோ குடிக்கிறவர்கூட, அதை விளைவித்த ஆப்பிரிக்கத் தொழிலாளி அடிமை போல நடத்தப்பட்டால், அந்தப் பாவத்தில் பங்குதாரர் என்று எழுதினார். ஃபேர் டிரேட் லேபிள் வருவதற்குப் பல வருஷம் முன்னாடி!

நம்ம மாவட்டத்துக்கு நெருக்கமான விஷயம், பனை. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய தண்ணியும் வேணும். பனை வறண்ட மணலிலும் நிக்கும். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தா, நல்ல வயல் நெல்லுக்கு மிஞ்சும். ஒரு பக்கம் நாஞ்சில் வயல், இன்னொரு பக்கம் கடலோரப் பனைன்னு பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாற்பதுகளில் ஜெயிலில் இருந்தபடியே நிலைத்த பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதினார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் எடுக்க எடுக்கத் தீரும் இருப்பு. காடும் ஆறும் கெடுக்காமல் இருந்தால் வந்துகொண்டே இருக்கும் வரவு. நாம எலெக்டிவ் பேப்பரில் படிக்கிற சஸ்டெய்னபிலிட்டி இதுதானே?

கடைசிக் காலத்தில் மதுரை பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே இறந்தார்.

அவர் கணக்கு இன்னும் முடியலை. சீனி கலந்த கருப்பட்டி மலிவா கிடைக்குது. பதநீர் காலம் முழுக்க தினமும் பனை ஏறி இறங்குறவருக்கு அந்த விலை கட்டுமா? அடுத்த தலைமுறை ஏறாமல் போனால், அசல் கருப்பட்டிக் காப்பியின் ருசியும் போயிடும். வடசேரி சந்தையில் நல்ல கருப்பட்டியைப் பார்த்தா, பேரம் பேசாம வாங்குங்க மக்களே.