சமையலறை ஜன்னல் வழியே அமெரிக்காவைச் சிரிக்க வைத்த யூதப் பெண்: யார் இந்த கெர்ட்ரூட் பெர்க்?

சினிமாவிலோ சீரியலிலோ ஒரு கேரக்டர் ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்தாலே ஈரோட்டுக்காரர்கள் உன்னிப்பாகிவிடுவார்கள். நம்ம பேச்சையும் அரிசிம்பருப்பு சாதத்தையும் உள்ளபடி காட்டுறாங்களா, இல்ல கிண்டல் பண்றாங்களா? அமெரிக்க யூதர்களுக்கும் இதே கவலை இருந்தது. மேடை காமெடிகளில் அவர்கள் பெரும்பாலும் கஞ்சர்களாகவே வந்து போனார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கெர்ட்ரூட் பெர்க்.

விடுதியில் தொடங்கிய நாடகம்

1899-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா மலைப்பகுதியில் விடுதி நடத்தினார். அங்கே தங்க வந்தவர்களுக்காக இவர் குட்டி நாடகங்கள் போட்டார். 1929-ல் ‘கோல்ட்பெர்க்ஸ்’ குடும்பக் கதை ரேடியோவில் தொடங்கியது. எழுதியதும் இவரே, அம்மா மோலியாக நடித்ததும் இவரே.

சாப்பாடும் பண்டிகையும்

மோலி ஜன்னலில் சாய்ந்து எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பேசுவார். சமைப்பார், ஊர்ப் பிரச்சினையைத் தீர்ப்பார். சிரிப்பு அவருடைய கொச்சை ஆங்கிலத்தில் பிறந்தது. ஆனால் அவரை யாரும் மட்டம் தட்டவில்லை.

யூதப் பண்டிகைகளும் கதையில் வந்தன. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பாஸ்கா எபிசோடில், விருந்தின் நடுவே ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் விழுகிறது. குடும்பம் பயந்து எழுந்துவிடவில்லை. சடங்கைத் தொடர்கிறது.

டிவியில் வந்த சோதனை

1949-ல் தொடர் டிவிக்கு வந்தது. 1951-ல் சிறந்த நடிகைக்கான எம்மி விருதும் கிடைத்தது. ஆனால் கணவராக நடித்த பிலிப் லோப் மீது 1950-லேயே கம்யூனிஸ்ட் முத்திரை விழுந்திருந்தது. அவரை நீக்கச் சொல்லி ஸ்பான்சர் நெருக்கினார். பெர்க் மறுத்தார். 1951-ல் சிபிஎஸ் தொடரை நிறுத்தியது.

அடுத்த ஆண்டு வேறு சேனலில் தொடர் திரும்பியது. ஆனால் லோப் அதில் இல்லை. எதிர்த்து நின்ற பெர்க்காலும் அவர் இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1955-ல் லோப் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இப்போது ஏன் பேசணும்?

அதே 1955-ல் மோலி பெயரில் யூதச் சமையல் புத்தகமே வந்தது. மறு ஆண்டு தொடர் முடிந்தது. 1959-ல் மேடை நடிப்புக்காக டோனி விருது வாங்கிய பெர்க், 1966-ல் காலமானார்.

ஒரு சமூகத்தின் பேச்சும் சாப்பாடும் காமெடியில் வருவது தப்பில்லை. அதை யார் எழுதுறாங்க, யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறாங்க என்பதுதான் கேள்வி. பெர்க் தன் வீட்டுக் கதையைத் தானே எழுதினார். அதனால்தான் அமெரிக்காவே மோலியைத் தன் பக்கத்து வீட்டு அம்மாவாகப் பார்த்தது.