மாண்டிசோரி அம்மையார்

சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க அடியும் அச்சமுமே வழி என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றியவருள் தலைசிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், பல தடைகளைக் கடந்து 1896இல் உரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மருத்துவம் செய்யப் புகுந்தவர், அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டுவது எனத் தெளிந்தார்.

1907ஆம் ஆண்டில் உரோமாபுரியில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ என்னும் பகுதியில், 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். எழுத்தறியாத தாய்மார் சிலர் அவரை அணுகி, தம் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்குமாறு வேண்டினர். பிஞ்சுப் பருவத்தில் இச்சுமை ஆகாது என முதலில் தயங்கிய அம்மையார், பின்னர் இசைந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தைகள் அவற்றை விரலால் தடவிக்கொண்டே ஒலியைக் கூறிப் பழகினர். எடப்பாடி போன்ற நம் ஊர்களின் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியோர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. தனி எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைப்பதும் குழந்தைகளுக்கு விளையாட்டாயிற்று. ஒருநாள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் படம் வரைந்துகொண்டிருந்தான். திடீரெனத் தன்னால் எழுத இயலும் என்பதை உணர்ந்து, களிப்புடன் சொற்களை எழுதலானான். மற்றக் குழந்தைகளும் அவனைத் தொடர்ந்தனர்.

அடுத்து, படிப்பதற்கும் அம்மையார் ஒரு விளையாட்டை அமைத்தார். பொம்மைகளின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி வைத்தார். சீட்டைப் பிழையின்றிப் படிக்கும் குழந்தை அப்பொம்மையை எடுத்து விளையாடலாம். குழந்தைகள் ஆர்வத்துடன் படித்தனர். ஆயினும் பொம்மைகளைத் தொடவில்லை. மேலும் மேலும் சீட்டுகளையே கேட்டனர்! படிக்கும் இன்பமே பரிசினும் பெரிது என்பதை அம்மையார் அன்று கண்டார்.

1939இல் அவர் தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மகனைச் சிறைக்காவலில் வைத்தது. அம்மையாரும் விரும்பிய இடத்திற்குச் செல்லத் தடை விதித்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி மகன் விடுதலை பெற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் இருவரும் கோடைக்கானலில் தங்கினர். முதுமையும் போரும் அம்மையாரின் பணியைத் தடுக்கவில்லை. அங்கும் குழந்தைகளிடமிருந்து புதியன கற்றுக்கொண்டேயிருந்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

நம் தம்பி தங்கையர் எழுத்துக் கற்கும்போது, பிரம்பைக் காட்டாது விளையாட்டுச் சீட்டுகளை நீட்டுவோமாயின், அதுவே அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.